புதுப்பிப்பு: தோழியின் நர்ஸ் லைசென்ஸ் விவகாரம்

ஃபுளோரிடாவில் நர்ஸாக இருக்கும் தோழியை, குடிப்பழக்கத்துக்காகச் செவிலியர் இடையீட்டுத் திட்டத்துக்கு (குடி, போதைப் பழக்கம் உள்ள நர்ஸ்களைச் சிகிச்சைக்கு அனுப்பிக் கண்காணிக்கும் திட்டம்) அனுப்பியிருக்கிறார்கள், லைசென்ஸ் போய்விடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகவில்லை. மதிப்பீடு முடிந்து, சிகிச்சைக்குப் போய்விட்டு, கண்காணிப்பு ஒப்பந்தத்தோடு வேலைக்குத் திரும்பிவிட்டாள். 1983-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே இதற்குத்தான்.

"எதையும் மறைக்க வேண்டாம்" என்று எழுதிய அக்காவுக்கு நன்றி. மதிப்பீட்டில் அப்படியே செய்தாள்.

தினமும் காலையில் செக்-இன் செய்ய வேண்டும். அன்றைய சோதனைக்கு அவள் பெயர் வந்தால் அன்றே லேபில் சிறுநீர் கொடுக்க வேண்டும், செலவு அவளுடையது. எத்தில் குளுக்குரோனைடு (மது உடலில் விட்டுச்செல்லும் ஒரு பொருள்) சோதனை, குடித்து இரண்டு மூன்று நாள் கழித்தும் காட்டிக்கொடுக்கும். அதனால் மவுத்வாஷ், இருமல் மருந்து எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் படிக்கிறாள். வார்டில் திரும்பிய பக்கமெல்லாம் ஆல்கஹால் கலந்த சானிட்டைசர்! இவள் சோப்பால் கழுவிக் கழுவிக் கை வெடித்துக் கிடக்கிறது.

மார்ஃபின் போன்ற போதை தரும் வலி மருந்துகளைத் தொட இப்போதைக்கு அனுமதி இல்லை. அவளுடைய நோயாளிக்கு வேறொரு நர்ஸ் வந்து போட வேண்டும். சோதனையைவிட அதுதான் அவளுக்குக் கூச்சம்.

அப்புறம், பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவுக்கு மாறலாமா என்று சிலர் கேட்டீர்கள். கண்காணிப்பு முடியும்வரை பல மாநிலங்களில் செல்லுபடியாகும் லைசென்ஸ் கிடையாது, ஃபுளோரிடாவில்தான் வேலை.