லாரி பி. எதிர் ரைல்ஸ் வழக்கு: அலுவலகக் கோப்புகளைத் தேடுகிறேன்

கலிஃபோர்னியாவில் 1971 முதல் 1983 வரை மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளராக இருந்த வில்சன் ரைல்ஸ் மீதான வழக்கின் ஆவணங்களைத் தேடி முட்டி நிற்கிறேன். கறுப்பினக் குழந்தைகளை ஐ.க்யூ. தேர்வை வைத்து, அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான சிறப்பு வகுப்புகளில் தள்ளியதை எதிர்த்த வழக்கு. (ரைல்ஸும் கறுப்பினத்தவர்தான், அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆர்வம்.) வழக்கு எண் சி-71-2270, சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றம்.

1979 தீர்ப்பும் 1984 மேல்முறையீட்டுத் தீர்ப்பும் இணையத்திலேயே கிடைத்துவிட்டன. வேண்டியது அவர் அலுவலகத்துக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் இடையே போன கடிதங்கள். காப்பகப் பட்டியல்களில் அவர் பெயர், வழக்குப் பெயர், எண் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று; பெட்டி எண் வரை போகவே முடியவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. சென்னையிலிருந்து நேரில் போவதும் நடக்காது.

சாக்ரமென்டோவில் உள்ள கலிஃபோர்னியா மாநில ஆவணக் காப்பகத்தில் கல்வித்துறைக் கோப்புகளை எடுத்தவர்கள் யாராவது, எந்தத் தொகுப்பின் பெயரில் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?