ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டின அன்றைக்குத்தான் அந்த எபிசோட் வரும்

பாளையங்கோட்டை

எவ்வளவு நல்ல கார்ட்டூன் தொடராக இருந்தாலும் அதில் மட்டமாக ஒரு எபிசோட் இருக்கும். தனியாகப் பார்க்கும்போது வந்தால் பரவாயில்லை, இரண்டு திட்டு திட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஆனால் ஒருத்தரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இத ஒண்ண மட்டும் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று உட்கார வைக்கிறோம் பாருங்கள், சரியாக அன்றைக்கு வந்து நிற்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு அம்பையிலிருந்து ஆச்சி வந்திருந்தாள். தேர் பார்த்துவிட்டு வந்து கால் வலி, ராத்திரி தார்சாவில் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அப்போது நானும் மகளும் தினம் ஒன்று என்று கணக்கு வைத்து அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் பார்த்துக்கொண்டிருந்தோம். 2005இல் ஆரம்பித்த தொடர். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே என் மனைவிக்கு அடுப்படியில் ஏதாவது சோலி வந்துவிடும், அதனால் புதுசாக ஒரு ஆள் சிக்கிய சந்தோஷத்தில், "ஆச்சி, நம்ம புராணக் கதை தோத்துப்போகும், பாரு" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். இங்கிலீஷில் ஓட ஓட நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வரிசைப்படி அன்று வந்தது முதல் பாகத்தில் 11ஆவது, தி கிரேட் டிவைட். தொடரைப் பார்த்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். இரண்டு கூட்டத்துக்காரர்கள், ஒன்று சுத்தபத்தமானது, இன்னொன்று அழுக்கு, நூறு வருஷப் பகை. ஒரு பெரிய பள்ளத்தாக்கைச் சேர்ந்து கடக்க வேண்டும். வழி நெடுக இவன் அவனைக் குறை சொல்கிறான், அவன் இவனைக் குறை சொல்கிறான், நடுநடுவே ராட்சசப் பூச்சி மாதிரி ஏதோ வருகிறது. கடைசியில் தொடரின் நாயகப் பையன் ஆங், "உங்கள் மூதாதையர் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், அவர்கள் அண்ணன் தம்பி, சின்னப் பையன்கள், அது வெறும் பந்து விளையாட்டு" என்று ஒரு கதையைச் சொல்லிச் சமாதானம் செய்துவிட்டு, அவர்கள் போன பிறகு, சொன்னது பூராவும் பொய் என்கிறான். அவ்வளவுதான் எபிசோட். மற்ற எபிசோட்களில் சண்டை வந்தாலும் அழுகை வந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குள் ஏதாவது ஒன்று நகரும். இதில் ஒன்றும் நகரவில்லை, பள்ளத்தாக்கைத் தாண்டியதைத் தவிர.

ஆச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "ஏல, இதுக்கா என்னைத் தூங்க விடாம உக்கார வச்ச? நம்மூர் கொடையில மொத மரியாதைக்கு அடிச்சுக்கிடுதானுவள, அதைக் காசு குடுக்காமயே பாக்கலாமே" என்றாள். பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் காலை ஆறரை பஸ்ஸுக்கு அம்பை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 12ஆவது எபிசோட் தி ஸ்டார்ம். ஆங் ஏன் ஓடிப்போனான், அவனைத் துரத்துகிற இளவரசன் சூக்கோ முகத்தில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, இரண்டையும் ஒரே மழை ராத்திரியில் சொல்லும் எபிசோட். தொடரிலேயே முதல் ஐந்துக்குள் வைப்பேன். ஒரே ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் ஆச்சி இரண்டு நாள் கூடத் தங்கியிருப்பாள்.

வண்ணார்பேட்டை

அண்ணாச்சி, உங்களுக்கு ஆச்சி ஒருத்தி. எனக்கு ஒரு வளவே சாட்சி.

தொண்ணூறுகளில் எங்கள் வளவில் ஆறு வீடு, கேபிள் எங்கள் வீட்டில் மட்டும். ஸ்வாட் கேட்ஸ் கார்ட்டூன் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். டி-போனும் ரேஸரும் பகலில் பழைய இரும்புக் கடையில் மெக்கானிக், ராத்திரி ஜெட்டில் பறப்பார்கள், எங்களுக்கு அது போதும். பள்ளிக்கூடத்தில் நான் கதை சொல்லிச் சொல்லியே பெரிய ஆள் ஆகியிருந்தேன். ஒரு நாள் புது எபிசோட் என்று தெரிந்து, வளவுப் பையன்கள் எல்லாரையும் கூட்டி வந்து பட்டாசாலில் உட்கார வைத்தேன், அம்மா முறுக்கு வேறு கொடுத்தாள்.

வந்தது ஸ்வாட் கேட்ஸ்: எ ஸ்பெஷல் ரிப்போர்ட். பழைய எபிசோட்களில் இருந்து சண்டைகளை வெட்டி, டிவி செய்தி மாதிரி ஒட்டிப் போட்டிருந்தார்கள். புதுக் கதை என்று ஒன்றுமே கிடையாது. செலவு கட்டுப்படி ஆகாதபோது அமெரிக்காவில் இப்படிச் செய்வது வழக்கமாம், புதுசாக வரைய வேண்டியது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கையில் இருக்கிற பழைய படம். நேற்றைய சோற்றைத் தாளித்துக் கொடுத்தால் சாப்பிட மாட்டோமா, சாப்பிடுவோம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அதைப் போடுவதுதான் அநியாயம்.

ஒருத்தன், "இதெல்லாம் நீ ஏற்கெனவே சொன்னதுதானல?" என்று கேட்டான். முறுக்கு தீர்ந்ததும் எல்லாரும் போய்விட்டார்கள். ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தத் தொடர் முடிந்ததே அந்த எபிசோடோடுதான் என்று. எழுதி வைத்த கதை சிலது பாக்கி இருக்க, இழுத்து மூடிவிட்டார்கள். கதையில் வருகிற துணை மேயர் காலிக்கு டி-போனும் ரேஸரும் யார் என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

தென்காசி

நருட்டோ, ஜப்பான் கார்ட்டூன். 136இல் இருந்து கடைசி எபிசோட் 220 வரைக்கும் பெரும்பாலும் மூலக் கதையில் இல்லாத ஃபில்லர். 2012இல் எங்களுக்குக் கரண்ட் இருந்த நேரமே கொஞ்சம், அந்தக் கொஞ்ச நேரத்திலும் இதைப் பார்த்தேன். சென்னையில் இருந்து வந்த சித்தி மகனைச் சீசன் என்று குற்றாலம் கூட்டிப்போய், அருவியில் தண்ணீர் இல்லாமல் பாறையைக் காட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது. அதையும் செய்திருக்கிறேன்.

சேரன்மகாதேவி

என்னுடையது மட்டமான எபிசோட் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏமாற்றம் என்றால் இதைவிட ஏமாற்றம் கிடையாது.

என் மகன் டாம் அண்ட் ஜெர்ரி ஓடினால்தான் வாயைத் திறப்பான். அத்தைக்கு அது பிடிக்காது, "பிள்ளைக்கு நெலாவைக் காட்டிச் சோறு ஊட்டணும், பொட்டியைக் காட்டக் கூடாது" என்பார்கள். "அத்தை, இது வெறும் சிரிப்புப் படம், ஒண்ணும் செய்யாது, நீங்களும் உக்காந்து பாருங்க" என்று சமாதானம் செய்து உட்கார வைத்தேன். முதலில் ஓடியது ஜீன் டீச் என்பவர் இயக்கிய காலத்துப் படம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1961, 62இல் பிராகில் வைத்து எடுத்த 13 படங்கள். சத்தமெல்லாம் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி எதிரொலிக்கும், டாம் அசைவதே வேறு மாதிரி இருக்கும். மகன் சோற்றை வாயிலேயே வைத்துக்கொண்டு முழித்தான். சரி, அடுத்தது நல்லதாக இருக்கும் என்று விட்டேன்.

அடுத்தது ப்ளூ கேட் ப்ளூஸ். 1956இல் வந்தது, டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கின ஹன்னாவும் பார்பெராவும் இருந்த நல்ல காலத்தியதுதான். டாம் ஒரு வெள்ளைப் பூனையை விரும்புகிறான், பணக்காரப் பூனை வந்து அவளைக் கொத்திக்கொண்டு போகிறான், டாம் கடனாளி ஆகி நொடித்துப்போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிடுகிறான். கடைசியில் ஜெர்ரியும் தன் ஆள் கைவிட்டுப் போக, அவன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். ரயில் சத்தம் கிட்டே கிட்டே வருகிறது. படம் முடிந்தது.

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். "இதுவாளா சிரிப்புப் படம்?" என்று மட்டும் கேட்டார்கள்.

பூனையும் எலியும் சுத்தியலால் அடித்துக்கொண்டாலும் மறு நிமிஷம் எழுந்து நிற்கும், அதுதான் அந்தப் படங்களில் எங்களுக்குக் கொடுத்த வாக்கு, அதை நம்பித்தான் பிள்ளைக்குக் காட்டுகிறோம். இந்த ஒன்றில் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் செங்கோட்டை லைன். அதற்கப்புறம் ஒரு மாதம், ரயில் போகும்போதெல்லாம் என் மகன் கேட்பான், "அம்மா, டாம் எந்திரிச்சுட்டானா?" எந்திரிச்சுட்டான், வீட்டுக்குப் போய்ப் பால் குடிக்கான் என்று நானும் அத்தையும் மாறி மாறிச் சொல்வோம். அந்த விஷயத்தில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

மேலப்பாளையம்

போக்கிமான் கார்ட்டூன், கலோஸ் லீக் என்கிற போட்டியின் ஃபைனல். இந்தத் தடவை நாயகன் ஆஷ் ஜெயிப்பான் என்று மச்சானிடம் ஆறு பரோட்டா பந்தயம். அவனுடைய போக்கிமான் கிரெனின்ஜா அப்படி ஒரு ஃபார்மில் இருந்தது, யாராக இருந்தாலும் கட்டியிருப்பார்கள். எதிராளி அலைனின் மெகா சாரிசார்ட் அடித்துப் போட்டுவிட்டது. ஜப்பானில் 2016இலேயே வந்து உலகமே அழுது முடித்த எபிசோட் அது, முடிவு தெரிந்துகொண்டேதான் மச்சான் பந்தயம் கட்டினான் என்பது சால்னா ஊற்றும்போதுதான் தெரிந்தது. 2019இல் ஆஷ் அலோலா லீக் ஜெயித்த அன்று அவனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.

களக்காடு

அக்கா, அண்ணாச்சி எல்லாருக்கும் நேரம்தான் போயிற்று. எனக்குப் படிப்பே போயிருக்கும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன் படிக்க வேண்டும் என்று நின்றேன். அப்பா ஏத்தன் வாழை போடுகிறவர். கார்ட்டூன் வரைவது ஒரு வேலையா என்று மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள், "சரி, நீ சொல்லுத அந்தப் படத்தைக் காட்டு" என்றார். யோசித்து யோசித்து நருட்டோ ஷிப்புடென் 167ஆவது எபிசோடைப் போட்டேன், வில்லன் பெய்னோடு நருட்டோ சண்டை போடுவது. 2010இல் வந்தது. அதில் உருவங்களை ரப்பர் மாதிரி இழுத்து, சப்பி, கோணலாக வரைந்திருப்பார்கள். ஓடும்போது பார்த்தால் அடி விழுகிற வேகம் நம் மேலேயே விழும். நான் ரசித்த விஷயமே அதுதான்.

பாதிச் சண்டையில் மண்டிக்காரர் போன் வந்தது. அப்பா, "நிறுத்துல" என்றார். நிறுத்தினேன். எங்கே நின்றது தெரியுமா, பெய்ன் முகம் மிதிபட்ட மாம்பழம் மாதிரி இருக்கிற ஃப்ரேமில்.

பேசி முடித்துவிட்டு வந்து ஸ்கிரீனையே பார்த்தார். "மூஞ்சி சப்பிப்போய்க் கெடக்கு. இதப் படிக்கவா ரெண்டரை லட்சம் கேக்க?"

நான் விளக்காமல் இல்லை. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஆனால் டிவிக்கு வரைவது பெரும்பாலும் 12 படம், 8 படம், அதற்குள்தான் வேகத்தைக் காட்ட வேண்டும், அதனால் நடுவில் ஒரு படத்தை இழுத்து வரைவோம், நிறுத்திப் பார்க்கிறதுக்கு வரைந்தது இல்லை அது, என்றெல்லாம் சொன்னேன். "தார வெட்டிப் பாதி வழியில நிறுத்துனாலும் தாரு தாராத்தானல இருக்கும்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல?

அந்த எபிசோடை மட்டம் என்று இன்றைக்கும் நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மட்டம் என்றால் டிராகன் பால் சூப்பர் ஐந்தாவது எபிசோட், 2015. கோக்குவும் பீரஸும் மோதும் சண்டை, முகம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அதை வேண்டுமென்று கோணலாக வரையவில்லை. வாராவாரம் ஒளிபரப்பு நாள் வந்து கழுத்தில் நின்றால், முக்கியமான நிலைகளை வரைகிற கீ ஃப்ரேமைத் திருத்த ஆள் இருக்காது, அவற்றுக்கு நடுவில் போடுகிற இன்-பிட்வீன் படங்கள் வந்தபடியே போகும். அப்புறம் டிஸ்க் வெளியிடும்போது அந்தப் படங்களைத் திருத்தித்தான் போட்டார்கள், அதிலேயே தெரியவில்லையா? இழுத்து வரைந்ததும் இழுபறியில் வரைந்ததும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் எங்கள் தொழிலின் சங்கடம்.

அந்த வருஷம் தாருக்கு நல்ல விலை கிடைத்தது, அப்பா பணம் கட்டிவிட்டார். இப்போது சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இன்-பிட்வீன்தான் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "என்னல, இந்த வாரம் எத்தன சப்ப மூஞ்சி வரைஞ்ச?" என்பார்.

பாளையங்கோட்டை

களக்காட்டுத் தம்பி அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அந்த வாழைத்தார் பதிலை நானும் ரெண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், பிடி கிடைக்கவில்லை.

ஆச்சி கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. போன வாரம் போனில் மகளிடம் பேசும்போது ஆச்சி, "அந்த மொட்டைப் பய பொய் சொன்னானே, அது அந்த ரெண்டு கூட்டத்துக்கும் பெறகு தெரிஞ்சுட்டா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். இல்லை ஆச்சி, அதற்கப்புறம் அவர்கள் கதை வரவே இல்லை என்றேன். மூன்றாம் பாகத்தில் இவர்கள் கதையையே நாடகமாகப் போடுகிற ஒரு எபிசோட் உண்டு, தி எம்பர் ஐலண்ட் பிளேயர்ஸ். அதில் "அதோ பார், கிரேட் டிவைட்!" என்று ஒருத்தர் சொல்ல, "அதை விடு, பறந்து போவோம்" என்று தாண்டிப் போய்விடுவார்கள், எடுத்தவர்களே அந்த எபிசோடைக் கிண்டல் செய்வது அது. அதையும் ஆச்சியிடம் சொன்னேன்.

"அதெப்படில, பொய்யச் சொல்லி ஊரைச் சேத்து வச்சுட்டுப் பறந்து போயிருவானாமா? தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிருமே" என்றாள். கார்த்திகைக்கு வருகிறாளாம். தி ஸ்டார்ம் போடுகிறேன் ஆச்சி என்றேன். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் இந்த வழக்கு என்ன ஆச்சு என்று விசாரித்து வை என்கிறாள்.