பொய் சொன்ன அரசியல்வாதி பதவி விலகியே ஆக வேண்டுமா?

மாலைவெயில்:
பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் அரசு 2024 ஜூலையில் ஒரு வாக்குறுதி கொடுத்தது. வேண்டுமென்றே மக்களை ஏமாற்றியதாக ஒரு சுயேச்சையான நீதி விசாரணையில் நிரூபணமானால், அந்தச் சட்டமன்ற உறுப்பினரோ வேட்பாளரோ தகுதி இழக்கும்படி சட்டம் கொண்டுவருவோம் என்றது. ஆடம் பிரைஸ் என்ற உறுப்பினர் விடாமல் நச்சரித்ததன் பலன். நடைமுறையில் அது என்ன உருவம் எடுக்கும் என்பது வேறு கதை, ஆனால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. படிக்காத பட்டத்தைப் படித்ததாக எழுதி வேலை வாங்கினால், என்றைக்குத் தெரிந்தாலும் சீட்டுக் கிழியும். கஜானாவையும் போலீசையும் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் சலுகை? தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபணமானால் விலகட்டும். விலகாவிட்டால் விலக்க வேண்டும். யாருக்காவது மறுப்பு உண்டா?

வக்கீல் குமாஸ்தா:
எனக்கு உண்டு. தெரிந்துதான் சொன்னார் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வராக இருந்தவர் பாரி ஓஃபாரல். 2014 ஏப்ரலில் அங்குள்ள ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் சாட்சி சொல்ல வந்தார். 2011-ல் தேர்தலில் ஜெயித்த சமயம் ஒரு தொழிலதிபர் உங்கள் வீட்டுக்கு 1959-ஆம் ஆண்டு கிரேஞ்ச் ஒயின் பாட்டில் ஒன்று அனுப்பினாரா என்று கேட்டார்கள். சுமார் 3,000 டாலர் பெறும் பாட்டில். அப்படி எதுவும் வந்ததாக நினைவில்லை, வந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன் என்று அடித்துச் சொன்னார். மறுநாள் காலையில் அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளியே வந்தது. 1959 நல்ல ஆண்டு என்று அதில் ஒரு வேடிக்கைப் பேச்சு வேறு, ஏனென்றால் அது அவர் பிறந்த வருடம். அன்றே விலகுவதாக அறிவித்தார். அப்புறம் அதே ஆணையம், அவர் வேண்டுமென்று திசைதிருப்பவில்லை என்றது.

அதாவது, பொய்யே சொல்லாத ஒருவர் பொய்யர் என்று போய்விட்டார். உங்கள் சட்டம் வந்தால் இப்படி எத்தனை பேர் போவார்கள்?

கடைசி வரிசை:
எல்லோரும் விலகினால் சபையில் மைக்கும் நாற்காலியும்தான் மிஞ்சும். ஒருவிதத்தில் நல்லதுதான்.

நேர்வழி நேசன்:
வக்கீல் சார், ஓஃபாரலை எந்தச் சட்டமும் விரட்டவில்லை. அவரே போனார். வெட்கம் இருந்தது, போனார். வெட்கம் இல்லாதவரை என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஹங்கேரிப் பிரதமர் ஃபெரென்ஸ் ஜுர்ச்சானி 2006 மே மாதம் தன் கட்சிக்காரர்களின் ரகசியக் கூட்டத்தில் பேசினார். காலையிலும் இரவிலும் மாலையிலும் பொய் சொன்னோம் என்று அவர் வாயாலேயே சொன்னார். பொருளாதாரம் கிடந்த கிடப்பை மறைத்துத் தேர்தலில் ஜெயித்ததைத்தான் அப்படிச் சொன்னார். செப்டம்பரில் ஒலிப்பதிவு கசிந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், தொலைக்காட்சி நிலையத்தை முற்றுகையிட்டார்கள். ஆளோ அசையவில்லை. அக்டோபரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்து 2009 வரை உட்கார்ந்திருந்தார். இங்கே நிரூபிக்க என்ன இருக்கிறது? வாக்குமூலமே இருக்கிறது. ஆனாலும் அவரை நகர்த்த ஒரு வழியும் இல்லை.

எழில்நிலா:
வழி இருந்தது நேசன், தேர்தல். 2010-ல் அவர் கட்சி மண்ணைக் கவ்வியது, எதிர்க்கட்சி மூன்றில் இரண்டு பங்கு இடங்களை அள்ளியது. பொய் சொன்னவரைத் தண்டிக்கும் உரிமை வாக்காளருக்கு உரியது, அதை நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை.

நேர்வழி நேசன்:
பொய் சொல்லி வாங்கிய வாக்கை நாலு வருடம் கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்கள். இடைப்பட்ட நாலு வருடத்தை யார் திருப்பித் தருவது?

எழில்நிலா:
அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. ஆனால் எல்லாப் பொய்யையும் ஒரே தராசில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த இரண்டு நிதியமைச்சர்களைப் பாருங்கள்.

பிரிட்டனில் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ். 1949-ல் பவுண்டின் மதிப்பைக் குறைக்கும் எண்ணமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். செப்டம்பர் 18 அன்று 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு இறக்கினார். தனிப்பட்ட வாழ்க்கையில் நேர்மைக்குப் பேர்போன மனிதர்.

அடுத்தவர் ஜேம்ஸ் கலகன். 1967 நவம்பர் 16 அன்று மதிப்பைக் குறைப்பதென அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது, அறிவிப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கே சபையில் ஓர் உறுப்பினர் வெளிநாட்டுக் கடன் பற்றிக் கேள்வி கேட்டார். கலகன் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மழுப்பினார். சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் எல்லோரும் பவுண்டை விற்றுத் தள்ள, நாட்டின் கையிருப்பு கரைந்தது. அந்த மாதக் கடைசியில் நிதித் துறையை விட்டு வெளியேறினார்.

பொய் சொன்ன கிரிப்ஸ் நாட்டின் பணத்தைக் காப்பாற்றினார், பொய் சொல்லாத கலகன் இழந்தார். உங்கள் சட்டப்படி இதில் யாருடைய பதவி போக வேண்டும்?

மாலைவெயில்:
கிரிப்ஸ் கதை எனக்குத் தெரியாது, நல்ல உதாரணம். ஆனால் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்க வேண்டிய பொய். மதிப்பைக் குறைத்த அன்றே அது வெளியே வந்துவிடும், மறைக்க ஒன்றும் மிஞ்சாது. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் பொய் அப்படியா? பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ 1963 மார்ச்சில் எழுந்து நின்று ஒரு பெண்ணோடு முறைகேடான தொடர்பு எதுவுமே இல்லை என்றார். ஜூனில் உண்மையை ஒப்புக்கொண்டு வெளியேறினார். தொடர்பைவிட, சபையில் பொய் சொன்னதுதான் அவரைக் கவிழ்த்தது. இரண்டு வகைக்கும் வித்தியாசம் சொல்ல ஒரு நீதிபதிக்குத் தெரியாதா என்ன?

வக்கீல் குமாஸ்தா:
நீதிபதிக்குத் தெரியும். ஆனால் தன் தோலுக்கும் நாட்டின் நலனுக்கும் வித்தியாசமே தெரியாத ஆள்தான் பெரும்பாலும் கூண்டில் நிற்பார். நாட்டுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லாத அமைச்சரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, இப்போதே நடைமுறையில் உள்ள சட்டங்கள் எங்கே கோடு போட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். இந்தியாவின் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123(4) என்று ஒரு பிரிவு. எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட குணம், நடத்தை பற்றிப் பொய்யென்று தெரிந்தே பிரசாரம் செய்தால் தேர்தலே செல்லாது என்று அறிவிக்க முடியும். பிரிட்டனிலும் 1983 சட்டத்தில் 106-ஆம் பிரிவு கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 2010-ல் பில் வூலஸ் என்பவர் 103 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிராளி தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடினார் என்று துண்டுப் பிரசுரம் அடித்திருந்தார். இரண்டு நீதிபதிகள் விசாரித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள், மூன்று வருடத் தடையும் விழுந்தது.

ஆக, எதிராளியைப் பற்றிப் புளுகினால் பதவி போகும். பட்ஜெட்டைப் பற்றியோ போரைப் பற்றியோ புளுகினால் போகாது. இது கவனக்குறைவு இல்லை. அரசியல் கருத்தையும் பொய்யையும் பிரிக்கும் வேலையை நீதிமன்றத்தின் தலையில் கட்டக் கூடாது என்று யோசித்தே விட்டிருக்கிறார்கள்.

கடைசி வரிசை:
வூலஸ் கதையின் வால் பகுதியை விட்டுவிட்டீர்களே. 2011 ஜனவரி இடைத்தேர்தலில் அதே கட்சி 3,558 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. பொய்க்குத் தண்டனையாக முப்பது மடங்கு கூடுதல்!

எழில்நிலா:
ஹா ஹா. ஆனால் ஆள் மாறிவிட்டார் இல்லையா? தொகுதிக்குக் கட்சி மேல் கோபமில்லை, அவ்வளவுதான்.

நேர்வழி நேசன்:
யோசித்தே விட்டார்கள் என்கிறார் வக்கீல் சார். யார் யோசித்தது? சட்டம் எழுதியவர்களும் அந்தச் சபைக்காரர்கள்தானே! தங்கள் கழுத்துக்குத் தாங்களே கயிறு திரிப்பார்களா?

2021 ஜூலையில் பிரிட்டன் சபையில் டான் பட்லர் என்ற உறுப்பினர், பிரதமர் திரும்பத் திரும்பப் பொய் சொல்லியிருக்கிறார் என்று பேசினார். சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். மறுத்தார். அன்றைக்கு முழுக்க வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பொய் சொன்னால் உள்ளே இருக்கலாம், பொய் என்று சொன்னால் வெளியே. இந்த லட்சணத்தில் தேர்தல் வரை பொறுத்திருங்கள் என்கிறீர்கள்.

வக்கீல் குமாஸ்தா:
அந்தப் பிரதமர் போரிஸ் ஜான்சனைப் பற்றித்தான் நீங்கள் முழுதாகப் பேச வேண்டும். ஊரடங்கு காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகள் விஷயத்தில் அவர் வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் சபையின் சிறப்புரிமைக் குழு அறிக்கை கொடுத்தது. குழுவின் ஏழு பேரில் நான்கு பேர் அவருடைய கட்சிக்காரர்கள். அவர் உறுப்பினராகத் தொடர்ந்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்திருப்போம் என்றார்கள். சபை 354-க்கு 7 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. புதுச் சட்டம், தனி நீதிமன்றம் எதுவும் தேவைப்படவில்லை.

மாலைவெயில்:
அந்த 354-ஐ இவ்வளவு பெருமையாகச் சொல்லாதீர்கள். அவர் கட்சிக்காரர்கள் பாதிக்கும் மேல் வாக்களிக்கவே வரவில்லை. ஆதரித்தால் மக்கள் திட்டுவார்கள், எதிர்த்தால் கட்சிக்காரன் திட்டுவான், அதனால் அன்று எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

அமெரிக்காவில் இன்னும் மோசம். ஜார்ஜ் சான்டோஸ் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு ஜெயித்தார். படிக்காத கல்லூரி, வேலை பார்க்காத பெரிய நிதி நிறுவனங்கள் என்று அவர் சொன்ன வாழ்க்கை வரலாறே கட்டுக்கதை என்று அடுத்த மாதமே அம்பலமானது. நான் முதலில் சொன்ன வேலை உதாரணம் அப்படியே அச்சாக இவர்தான். சபை என்ன செய்தது? பதவி ஏற்க விட்டது. 2023 நவம்பர் 1-ல் வந்த வெளியேற்றத் தீர்மானம் தோற்றது. தேர்தல் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தார் என்று நெறிமுறைக் குழு எழுதிய பிறகு, டிசம்பர் 1-ல் 311-க்கு 114 என்று வெளியேற்றினார்கள். வாய் நிறையப் பொய் சொன்னபோது சகித்துக்கொண்ட சபை, பணத்தில் கை வைத்த பிறகுதான் கண் திறந்தது.

வக்கீல் குமாஸ்தா:
அமெரிக்காவில் அது சட்டத்தின் போக்கே. சேவியர் அல்வாரெஸ் என்று கலிஃபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரிய உறுப்பினர். 2007-ல் வாரியக் கூட்டத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, 25 வருடம் ராணுவத்தில் இருந்தேன், நாட்டின் மிக உயர்ந்த வீர விருது வாங்கினேன் என்றார். ஒன்றுகூட உண்மையில்லை. அந்த மாதிரிப் பொய்யைக் குற்றமாக்கும் சட்டம் அப்போது இருந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. எது உண்மை என்று அரசாங்கம் பட்டியல் போட ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. உங்கள் சட்டத்தை முதலில் கையில் எடுப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆளுங்கட்சி. முதலில் போகப்போவது? எதிர்க்கட்சிக்காரர்.

எழில்நிலா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரு யோசனை: பிரிட்டனில் 2015-ல் கொண்டுவந்த திரும்பப் பெறும் சட்டம் மாதிரி ஏன் இருக்கக் கூடாது? ஆறு வாரத்துக்குள் தொகுதி வாக்காளர்களில் 10% பேர் கையெழுத்துப் போட்டால் பதவி காலி, இடைத்தேர்தல். பதவி போனவரும் அதில் நிற்கலாம். முதன்முதலில் அதில் பதவி இழந்த ஃபியோனா ஒனசான்யாகூட ஒரு பொய்க்காகத்தான் போனார். வேகமாகப் போன காரை ஓட்டியது தான் இல்லை என்று போலீசிடம் சாதித்தார், நீதியைத் தடுத்த குற்றத்துக்குச் சிறை. 2019 மே மாதம் 10% தேவைப்பட்ட இடத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கையெழுத்து விழுந்தது. தீர்ப்புச் சொன்னது தொகுதி.

நேர்வழி நேசன்:
கார் வேகத்தைப் பற்றிப் பொய் சொன்னவருக்குச் சிறையும் பதவி இழப்பும். போரைப் பற்றிச் சொன்னால்? உள்ளே சாத்தியிருக்கும் கதவைப் பாருங்கள்: சிறைத் தண்டனையோ, செலவுக் கணக்கில் பொய்யோ, சபையின் பத்து நாள் இடைநீக்கமோ இருந்தால்தான் கையெழுத்தே ஆரம்பிக்கும். சபையில் சொன்ன பொய்க்கு இடைநீக்கம் செய்ய வேண்டியது அதே சபை. பெரும்பான்மை யாரிடமோ அவரிடம்தான் சாவி.

எழில்நிலா:
அப்படியென்றால் சாவியை மாற்றிக் கொடுங்கள். சபைக்கு வெளியே ஒரு விசாரணை அதிகாரி. முதலில் திருத்தம் சொல்ல அவகாசம். ஓஃபாரல் மாதிரி மறந்தவர்கள் அங்கேயே தப்பிவிடுவார்கள். திருத்த மறுத்தால் மட்டும் கையெழுத்துப் படிவம் தொகுதிக்குப் போகட்டும். நீதிபதி பதவியைப் பறிக்க வேண்டாம், வாக்காளர் பறிக்கட்டும்.

மாலைவெயில்:
இதை நான் ஏற்றுக்கொள்வேன், ஒரு நிபந்தனையோடு. ஜான்சன் என்ன செய்தார்? குழுவின் முடிவு முன்கூட்டியே கைக்கு வந்ததும் ஜூன் 9-ல் உறுப்பினர் பதவியை அவரே விட்டுவிட்டார். 90 நாளை யாருக்குக் கொடுப்பது? கடைசியில் அவருக்கென்று மிஞ்சிய தண்டனை, முன்னாள் உறுப்பினர்களுக்குத் தரும் நுழைவு அட்டை கிடையாது என்பதுதான். விசாரணை தொடங்கிய பிறகு ராஜினாமா செய்து தப்பிக்க முடியாது என்றும் எழுத வேண்டும்.

வக்கீல் குமாஸ்தா:
பார்த்தீர்களா, விலக வேண்டும் என்று ஆரம்பித்து, விலகவே விடக் கூடாது என்று வந்து நிற்கிறீர்கள். சரி, எழில்நிலா சொன்ன படிவம் வரை நானும் வருகிறேன். ஆனால் அந்த விசாரணை அதிகாரியை யார் நியமிப்பது?

கடைசி வரிசை:
சபைதான். வேறு யார்?

நேர்வழி நேசன்:
குலுக்கல் போட்டு வாக்காளர்களிலிருந்து பன்னிரண்டு பேர். ஜூரி மாதிரி. கொலை வழக்குக்கு அவர்கள் போதும் என்றால் இதற்கும் போதும். இதில் என்ன ஓட்டை என்று வக்கீல் சார் சொல்லட்டும், நாளை வந்து படிக்கிறேன்.