பெல்ஜியத்து ஃபிரைஸ் சைவமா? காகிதத்தில் உறைந்த வெள்ளைப் படலம் குறித்து

பொதிசுமப்போன்:
"பெல்ஜியத்தில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை, மழைக்கு ஒதுங்குகிற இடமெல்லாம் ஃபிரைஸ் கடை இருக்கிறது, உருளைக்கிழங்கில் என்ன அசைவம் இருந்துவிடப் போகிறது" என்று பயணப்பித்தன் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தார். அதை நம்பித்தான் நாங்கள் நால்வரும் அக்டோபர் கடைசியில் முதுகுப்பையோடு பிரஸ்ஸல்ஸ், கெண்ட், புரூஜ் என்று ஆறு நாட்கள் சுற்றினோம். எங்களில் ஒருவர் பிறந்ததிலிருந்து புலால் தொடாதவர். ஆறு நாட்களில் ஐந்து நாட்கள் மழை. காலையில் விடுதி ரொட்டி, மற்ற இரு வேளையும் கடை வாசலில் கூரைக்கடியில் நின்றபடி ஃபிரைஸ் என்றே அவர் காலம் தள்ளினார்.

ஐந்தாம் நாள் புரூஜ் மணிக்கூண்டின் 366 படிகளையும் ஏறி இறங்கிவிட்டு, ஒரு சந்துக் கடையில் ஃபிரைஸ் வாங்கினோம். மழை வலுக்கவே, பாதி தின்ற கூம்புப் பொட்டலத்தைத் திண்ணை போன்ற ஒரு கல்மேல் வைத்துவிட்டு, நனைந்த பைகளை உள்ளே இழுத்துப் போட்டோம். திரும்ப எடுத்தபோது காகிதத்தின் உட்புறம் முழுவதும் மெழுகு வடிந்ததுபோல வெள்ளைப் படலம் ஒன்று உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. கடைக்காரரிடம் கேட்டோம். மாட்டுக் கொழுப்பு என்று அவர் பெருமையாகவே சொன்னார். நண்பர் கால்வாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே வாந்தி எடுத்தார். அதன்பின் ஊர் திரும்பும்வரை வாழைப்பழம் தவிர எதையும் அவர் வாயில் வைக்கவில்லை. எழுதியவர் "கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?

பயணப்பித்தன்:
நண்பருக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் பழியை என் தலையில் போடுவதை ஏற்க மாட்டேன். பதினோரு நாடுகளை முதுகுப்பையோடு பார்த்தவன் நான். பிரஸ்ஸல்ஸில் நான் தங்கிய விடுதிக்கு அருகில் இருந்த கடையில் கேட்டே சாப்பிட்டேன், தாவர எண்ணெய் என்றுதான் சொன்னார்கள். வெள்ளைப் படலம் எதையும் நிரூபிக்காது. பாமாயிலும் குளிரில் உறையும். வனஸ்பதி நம் வீட்டு அடுக்களையிலேயே உறைந்துதானே கிடந்தது? அதைப் பார்த்து யாராவது மாட்டுக் கொழுப்பு என்று அலறினார்களா? அக்டோபர் குளிரில் நின்றுகொண்டு, உறைந்துவிட்டது என்று வியப்பதில் பொருளே இல்லை.

கெண்ட்வாசி:
இந்த ஊரில் ஒன்பது ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கை இரண்டு முறை பொரிப்பார்கள்: முதலில் குறைந்த சூட்டில் உள்ளே வேகும்படி, ஆறவைத்த பிறகு கூடுதல் சூட்டில் மேலே மொறுமொறுவென்று வரும்படி. மரபான கடைகளில் இதற்கு மாட்டுக் கொழுப்பைத்தான் பயன்படுத்துவார்கள். அந்த மணமும் சுவையும் அதனால்தான் என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளும் இருக்கின்றன. ஆகவே கேட்காமல் வாங்கக் கூடாது. கெண்ட், புரூஜ் அடங்கிய, டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் "ரன்ட்வெட்" என்றால் மாட்டுக் கொழுப்பு. இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உணவகங்கள் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. பால், முட்டை, மீன், எள், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டுக் கொழுப்பு கிடையாது. எனவே சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்த எளிய செய்தியைச் சொல்லாமல் "உருளைக்கிழங்கில் என்ன அசைவம்" என்று எழுதியது பொறுப்பில்லாத செயல்.

பயணப்பித்தன்:
எதிர்பார்த்தேன். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் 533 படிகளைப் பெரிய பையோடு ஏற முடியாது, பையை ரயில் நிலையத்தில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சென்ற ஆண்டு நான் எழுதியபோதும், ஐரோப்பாவில் வசிப்பவர் என்ற அதிகாரத்தோடு முதலில் மறுத்தவர் இவர்தான். இப்போதும் கேள்வியை விட்டுவிட்டுப் பாடம் நடத்துகிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பாமாயிலும் உறையுமா, உறையாதா?

கெண்ட்வாசி:
உறையும். ஆனால் கடைக்காரரே மாட்டுக் கொழுப்பு என்று சொன்ன பிறகு பாமாயிலைப் பற்றிய பேச்சு எதற்கு?

பயணப்பித்தன்:
உறையும் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அடுத்தது, அந்தக் கடைக்காரரிடம் எந்த மொழியில் கேட்டார்கள்? புரூஜில் போய்ப் பிரெஞ்சில் கேட்டால் பதில் எப்படி வரும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

பொதிசுமப்போன்:
ஆங்கிலத்தில் கேட்டோம், ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். நாங்கள் தவறாகக் கேட்டிருப்போம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே போய் அந்தக் கொழுப்புக் கட்டியையே எடுத்து வந்து காட்டினார். சோப்புக்கட்டி அளவில், தாளில் சுற்றி, வெள்ளைவெளேரென்று இருந்தது. தாளின்மேல் ஒரு மாட்டுத் தலை அச்சிடப்பட்டிருந்தது.

மரக்கறி:
யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக நெதர்லாந்தில் இருக்கிறேன். வீட்டில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். ஒரு சிறிய கேள்வி: இங்கே எல்லோரும் சைவம், சைவம் என்கிறீர்கள், ஆனால் எதைச் சைவம் என்கிறீர்கள்? அந்த நண்பர் ஃபிரைஸோடு மயோனைஸ் தொட்டுக்கொண்டாரா? அதில் முட்டைக்கரு இருக்கிறது. பாலாடைக்கட்டி சாப்பிட்டாரா? பார்மிஜானோ போன்றவற்றுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் பாலைத் திரிய வைக்கிறார்கள். எல்லையை முதலில் வகுத்துக்கொண்டால் இந்த விவாதத்திற்கு ஒரு பயன் இருக்கும்.

குடைராசன்:
அது இருக்கட்டும். ஆறு நாட்களில் ஐந்து நாட்கள் மழை என்பது எனக்கு உறுத்துகிறது. பிரஸ்ஸல்ஸின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான்; சென்னைக்கு ஏறத்தாழ 1,400. தூறலுக்கெல்லாம் மழை என்று பெயர் வைத்துப் பயணத்தையே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கெண்ட்வாசி:
அளவு குறைவுதான், ஆனால் அது ஆண்டின் பாதி நாட்களில் பரவிப் பெய்கிறது. சென்னை மழை கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே காலையில் ஈரமான காலுறை இரவுவரை காயாது. கூழாங்கல் வீதியில் பத்து கிலோ பையோடு நடந்து பார்த்தவர்களுக்கு அது தூறலா மழையா என்ற ஆராய்ச்சி தேவைப்படாது.

குடைராசன்:
குடை கொண்டுபோனீர்களா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பயணப்பித்தன்:
குடையையும் மயோனைஸையும் விட்டுவிட்டு என் கேள்விக்கு வாருங்கள். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்றும் நான் அதே பதிவில் எழுதியிருந்தேன்: பிரஸ்ஸல்ஸில் 1847இல் திறக்கப்பட்ட செயின்ட் ஹூபர்ட் கண்ணாடிக் கூரை அங்காடி வீதியில் ஒரு துளி நனையாமல் ஒரு மணி நேரம் நடக்கலாம், வாஃபிள் சாப்பிடலாம். கெண்ட் பேராலயத்தில் 1432ஆம் ஆண்டு வான் ஐக் ஓவியத்தின்முன் மழை ஓயும்வரை நிற்கலாம். இத்தனை உதவியான குறிப்புகளை ஒருவரும் நினைக்கவில்லை; ஒரு காகிதத்தில் படிந்த படலம் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் படலத்தை யாராவது சோதித்தார்களா? படம் எடுத்தார்களா?

பொதிசுமப்போன்:
நண்பர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கையில் படம் எடுக்கும் மனம் எங்களுக்கு இல்லை.

பயணப்பித்தன்:
ஆகப் படம் இல்லை.

கெண்ட்வாசி:
பதினோரு நாடுகளில் கெண்டில் எத்தனை நாட்கள் தங்கினீர்கள்? ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அரை மணி நேர ரயிலில் மாலையே புரூஜுக்குப் போய்விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2009 முதல் வியாழக்கிழமையைப் புலால் இல்லாத நாளாகக் கொண்டாடும் ஊர் இது. ஒரே ஒரு வியாழக்கிழமை இங்கே இருந்திருந்தால், சைவ நண்பர்களை ஃபிரைஸ் கடை வாசலில் நிறுத்தும் யோசனையே உங்களுக்கு வந்திருக்காது.

பயணப்பித்தன்:
ஊர்ப்பெருமை போதும். புரூஜைச் சுற்றுலாப் பொம்மை என்று இழிவுபடுத்தி நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. நான் சாப்பிட்ட கடை தாவர எண்ணெய்க் கடை. என் பதிவில் பொய் ஒன்றும் இல்லை. குளிரில் பாமாயிலும் உறையும்; இதை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

மரக்கறி:
மயோனைஸ் தொட்டுக்கொண்டாரா என்று கேட்டிருந்தேன்.

பொதிசுமப்போன்:
கடைக்காரர் கட்டியைக் கையில் வைத்துக் காட்டினார். தாளின்மேல் மாட்டுத் தலை இருந்தது. நானும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

பயணப்பித்தன்:
தாளின் படமும் இல்லை அல்லவா?