மறுமொழி: உணரிப் பிழைக் குறியீடா, கோளாறுக் குறியா?

அன்புள்ள அனைவருக்கும்,

எக்ஸ்கவேட்டர், டோசர் போன்ற கனரக இயந்திரங்களின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதும் நண்பர், ஏதாவது சரியில்லாதபோது திரையில் எண்ணாக வரும் 'ஃபால்ட் கோடு'க்கு ஒரு சொல் கேட்டிருந்தார். இதுவரை அதிகம் பேர் ஒத்துக்கொண்டது இது:

> உணரிப் பிழைக் குறியீடு. சென்சாருக்கு 'உணரி' ஏற்கெனவே புழங்குகிறது. 'பிழைக் குறியீடு' கணினித் துறையில் நிலைத்துவிட்டது. இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது.

ஒட்டலாம்தான். ஆனால் ஒட்டிய சொல், குற்றம் செய்யாத ஆளைப் பிடித்துக் கொடுக்கிறது. நான் சில வருடம் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கனரக டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் ஜே1939 முறைதான், அதாவது இயந்திரத்தின் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது விதிமுறை. அதில் குறி என்பது ஒற்றை எண் அல்ல, முக்கியமாக இரண்டு எண்களின் ஜோடி. முதலாவது எஸ்பிஎன்: எந்த அளவைப் பற்றிய புகார் என்று சொல்கிறது. 100 என்றால் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை. இரண்டாவது எஃப்எம்ஐ: என்ன விதமான புகார் என்பது. இது 0 முதல் 31 வரை மட்டுமே.

இப்போது 110-0, 110-3 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 110-0 வந்தால் உணரி நன்றாக இருக்கிறது, உண்மையைத்தான் சொல்கிறது; இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறது. ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் கூலன்ட் மட்டத்தையும் பார்க்க வேண்டும். 110-3 வந்தால் இன்ஜின் சூடாக இருக்கிறதா என்பதே தெரியாது. சிக்னல் ஒயரில் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம், அவ்வளவுதான் செய்தி. முதல் குறியை 'உணரிப் பிழை' என்று எழுதிவிட்டால், கொதிக்கும் இன்ஜினை ஓடவிட்டு உணரியை மாற்றிக்கொண்டிருப்பான் படிக்கிற பையன்.

கேட்டர்பில்லர்காரர்கள் இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். மின்னணுப் பக்கக் கோளாறுக்கு ஒரு வகைக் குறி, இன்ஜினே எல்லை மீறினால் தனியாக 'ஈவென்ட் கோடு'. அதற்கு 'நிகழ்வுக் குறி' என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

அதனால் முன்னொட்டு 'உணரி' போகட்டும். அடுத்து 'பிழை'. பிழை என்றால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. ஆபரேட்டர் முதலாளியிடம் காட்டத் தயங்குவார். 'பழுது' என்றால் ஏதோ ஒரு பொருள் கெட்டே போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்ற தொனி. எனக்கு அந்தத் தொனியில்தான் பயம். ஒருமுறை எனக்கு மூன்று பிரஷர் உணரிகளின் குறிகள் ஒரே நேரத்தில் வந்தன, மூன்றும் எஃப்எம்ஐ 4, அதாவது மின்னழுத்தம் குறைவு. பழுது என்று நம்பி ஒன்றை மாற்றினேன், இன்னொன்றையும் மாற்றினேன். குறி போகவில்லை. மூன்றுக்கும் ஒரே 5 வோல்ட் சப்ளை. மூன்றாவது உணரி உள்ளே ஷார்ட் ஆகி, மற்ற இரண்டின் சப்ளையையும் சேர்த்து இழுத்துப் போட்டிருந்தது. சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சப்ளை எப்போது திரும்புகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

'கோளாறு' அப்படி அவசரப்படுத்தாது. ஏதோ சரியில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பதோடு நிற்கிறது. மெக்கானிக் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லும்கூட. 'குறியீடு' என்பதைவிட 'குறி' நல்லது. 'அறிகுறி'யில் இருக்கும் அதே குறி. கன்ட்ரோல் யூனிட் (இன்ஜினைக் கவனிக்கும் கணினிப் பெட்டி) உட்கார்ந்து குறி சொல்கிறதா என்று யாராவது கிண்டல் செய்வீர்கள். செய்யுங்கள், அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

எஸ்பிஎன்னுக்கு 'இட எண்' என்று ஓர் அம்மா முன்வைத்திருந்தார். எளிமைக்கு அது முதலிடம். ஆனாலும் மறுக்கிறேன், மன்னிக்கவும். எஸ்பிஎன்னின் முதல் எழுத்து குறிப்பதே 'சஸ்பெக்ட்'. சந்தேகப்பட வேண்டிய அளவு என்றுதான் அதை வகுத்தவர்களே பெயர் வைத்தார்கள். 'இட எண்' என்றால் அந்த இடத்துக்குப் போய் அங்கிருப்பதைக் கழற்று என்று ஆகிவிடும். என் பரிந்துரை 'ஐய எண்'. இதற்கு வந்த பதில்:

> ஐயா எண் என்று படிப்பார்கள். 'சந்தேக எண்' என்றே வைக்கலாமே?

வைக்கலாம். தனித்தமிழ் அன்பர்கள் சம்மதித்தால் எனக்கு 'சந்தேக எண்'ணில் ஒரு தடையும் இல்லை. சந்தேகம் என்ற பொருள் சொல்லில் நின்றால் போதும். எஃப்எம்ஐக்கு 'வகை எண்' நன்றாக இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

வகை எண்கள் முப்பத்திரண்டுக்கும் தனித்தனிப் பெயர்ச்சொல் ஆக்கும் முயற்சியை மட்டும் விட்டுவிடுங்கள். இழையில் வந்த 'மிகைமின்னழுத்தப்பிறழ்வு' திரையில் அடங்காது, வாயிலும் அடங்காது. ஒரு சின்ன வாக்கியம் போதும். 2: 'அளவு நம்பும்படி இல்லை, விட்டுவிட்டு வருகிறது.' 7: 'கட்டளைக்கு உறுப்பு அசையவில்லை.' 10: 'அளவு நம்ப முடியாத வேகத்தில் மாறுகிறது.' 3, 4 இரண்டும்தான் அதிகம் வருபவை. அவற்றை 'சிக்னல் மேலே போய்விட்டது', 'சிக்னல் கீழே போய்விட்டது' என்று எழுதினால் சோதனை முறையும் தானாகப் புரியும்.

எப்படி என்றால், இரண்டு ஒயர் வெப்பநிலை உணரிக்குக் கன்ட்ரோல் யூனிட் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறது. சாக்கெட்டைக் கழற்றினால் அந்த 5 வோல்ட் இறங்க வழியில்லை, சிக்னல் மேலே போகும். ஆக, 110-4 இருக்கும்போது சாக்கெட்டைக் கழற்றி, குறி 110-3 ஆக மாறினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, உணரிதான் உள்ளே ஷார்ட். மாறாமல் 4 என்றே நின்றால் உணரியை விட்டுவிட்டு ஒயரிங்கைத் தேட வேண்டும். எங்கோ சட்டத்தில் உரசி பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அறுந்த ஒயருக்குக் குறி 5 தானே வர வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 5 பெரும்பாலும் இன்ஜெக்டர், சோலனாய்டு போல மின்னோட்டம் இழுக்கும் உறுப்புகளுக்கு. இந்த மாதிரி வெப்பநிலை உணரியின் ஒயர் அறுந்தால் 3 தான் வரும்.

இப்போது இருக்கும் கோளாறுக்கு 'நடப்புக் கோளாறு', வந்து போய் நினைவகத்தில் மட்டும் இருப்பதற்கு 'பதிவுக் கோளாறு' என்று முன்பே பேசியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மீதி இருப்பது 'ஷார்ட்'. பாடநூலில் 'குறுக்குச் சுற்று' இருக்கிறது, செய்தித்தாள்கள் 'மின்கசிவு' என்று எழுதிப் பழக்கிவிட்டன. மின்கசிவு வேறு விஷயம், அதைக் கையேட்டுக்குள் விடவே கூடாது. நான் மேலே 'ஷார்ட்' என்றே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். 'குறுக்குச் சுற்று' என்று எழுதிப் பார்த்தேன், படித்துக் காட்டிய இரண்டு மெக்கானிக்குகளும் 'ஓ, ஷார்ட்டா' என்றார்கள். இதில் உங்கள் கருத்து என்ன?