செய்து முடித்த வேலையும் நம்பிக்கையாகச் சேராமல் போவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தரவுகளைத் தொகுத்து அவற்றிலிருந்து அறிக்கை எழுதுவது என் பணி. கொடுத்த வேலைகளை இதுவரை உரிய காலத்தில் முடித்தே வந்திருக்கிறேன். மேலாளரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் புதிய வேலை எது வந்தாலும், இது நம்மால் ஆகாது என்ற எண்ணமே முதலில் எழுகிறது. முடித்த பிறகும், உடன் பணிபுரியும் அம்மையார் உதவியதால் முடிந்தது, இந்த முறை வேலை எளிதாக அமைந்ததால் முடிந்தது என்றுதான் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த அறிக்கையை நிர்வாகக் குழுவின் முன் நானே விளக்க வேண்டும் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். மறுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் "என்னால் எதுவும் முடியும்" என்று உரக்கச் சொல்லிப் பழகும்படி நெருங்கியவர்கள் கூறுகிறார்கள். அதைச் சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் மறுக்கிறது. நம்பிக்கையை முதலில் வளர்த்துக்கொண்டு பிறகு செயலில் இறங்குவதா, நம்பிக்கை வருவதற்குக் காத்திராமல் இறங்கிவிடுவதா? அப்படி இறங்கிச் செய்து முடித்தவை எல்லாம் என்னுள் நம்பிக்கையாகத் தங்காமல் போவது ஏன்?

மறுமொழி 1

வணக்கம், சகோதரி. உங்கள் கடைசிக் கேள்விதான் முதலில் விடை காண வேண்டியது என்று நினைக்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை 1977இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொற்கள், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகிய நான்கையும் அதன் ஊற்றுகளாகக் கூறிய அவர், முதலாவதையே மிக வலிமையானதாகக் கருதினார். அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொரு செய்திதான் உங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. வெற்றி தானாகவே நம்பிக்கையாக மாறிவிடுவதில்லை. வேலை எவ்வளவு கடினமானது, எவ்வளவு உழைத்தோம், எவ்வளவு உதவி கிடைத்தது என்பதையெல்லாம் மனம் எடைபோட்டுப் பார்த்த பிறகே, அந்த வெற்றியில் தன் திறமைக்கு உரிய பங்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறது. எனவே உங்கள் மனம் செய்வது விந்தையான செயல் அன்று. உதவியோடு முடித்த வேலையை உதவியின் பெயரில் வரவு வைக்கிறது, அவ்வளவுதான்.

பாம்பைக் கண்டு கடுமையாக அஞ்சியவர்களோடு பண்டூராவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகள் இதற்கு வழி காட்டுகின்றன. தொடக்கத்தில் பயிற்சியாளர் தானே பாம்பைத் தொட்டுக் காட்டுவார். பிறகு பயந்தவரை உடன் சேர்த்துக்கொண்டு படிப்படியாக அருகே அழைத்துச் செல்வார். உதவி தாராளமாகவே கொடுக்கப்பட்டது. ஆனால் அது சிறிது சிறிதாக விலக்கப்பட்டது. 1975இல் வெளியான ஆய்வில், உதவியெல்லாம் விலகிய பிறகு தனியாகப் பாம்போடு பழகும் வாய்ப்பும் பெற்றவர்களிடம் அச்சம் குறைந்தது மட்டுமன்றி, அந்த முன்னேற்றம் பழகாத வேறு பாம்பிடமும் வெளிப்பட்டது. தனியாக இருந்த அந்த நேரத்தில் கிடைத்த வெற்றியை வேறு யார் பெயரிலும் எழுத இயலாது அல்லவா?

ஆகவே உதவியை மறுக்க வேண்டாம். அதன் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். அடுத்த அறிக்கையில் ஒரு பகுதியை, எடுத்துக்காட்டாகத் தரவுகளைச் சரிபார்த்து முதல் அட்டவணைகளை உருவாக்குவதை, எவரிடமும் கேட்காமல் செய்வதென்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். தொடங்கும் முன், இந்தப் பகுதியில் எது கடினமாக இருக்கும் என்று எழுதி வைத்துவிடுங்கள். "எளிதாக இருந்ததால் முடிந்தது" என்று பின்னர் மனம் சொல்லும்போது, அது கடினம் என்று நீங்களே எழுதியது கையில் இருக்கும்.

வேலையைக் கூறுபோடுவதும் முக்கியம். பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்த சிறுவர்களுக்கு ஏழு அமர்வுகளில் செய்து முடிக்க 42 பக்கப் பயிற்சிகள் தரப்பட்டன. ஓர் அமர்வுக்கு 6 பக்கம் என்ற இலக்கைப் பெற்றவர்கள் திறமை, நம்பிக்கை, கணக்கின்மேல் ஆர்வம் ஆகிய மூன்றிலும் முன்னேறினார்கள். இறுதிக்குள் 42 பக்கத்தையும் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களோ, இலக்கே இல்லாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதையும் பெறவில்லை. தொலைவில் உள்ள இலக்கு, அன்றைய உழைப்பு போதுமா போதாதா என்பதைச் சொல்வதில்லை.

மறுமொழி 2

காலையில் உரக்கச் சொல்லும் அந்த வாசகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் உள்ளே ஒரு குரல் மறுப்பதை நீங்கள் குறையாகக் கருத வேண்டியதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவர்" என்ற பொருள்படும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக எண்ணியிருந்தவர்களின் மனநிலை, அதைச் சொல்லாத அத்தகையவர்களின் மனநிலையைவிட மோசமாக இருந்தது. தம்மை உயர்வாக மதித்தவர்களுக்கு மட்டுமே சிறிதளவு நன்மை கிடைத்தது. அந்த ஆய்வு ஒருவர் தம்மை மதிப்பதைப் பற்றியது; வேலைத் திறமையைப் பற்றியது அன்று. எனினும் மனம் ஏற்காத பெருங்கூற்றை அதன்மேல் திணிப்பதால் எதிர்விளைவு ஏற்படக்கூடும் என்பது உங்கள் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. "என்னால் எதுவும் முடியும்" என்பதை விட்டுவிட்டு, "இந்த அட்டவணை எப்படி வந்தது என்று என்னால் விளக்க முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மை, ஆகவே மனமும் மறுக்காது.

பேசும் முன் வரும் படபடப்பைத் திறமையின்மையின் அடையாளமாகப் படிக்க வேண்டாம். ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றத்தை அடக்க முயன்றவர்களைவிட, அதை ஆர்வத் துடிப்பு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சில் சிறப்பாகச் செய்தார்கள். இதயம் வேகமாக அடிப்பது இரண்டுக்கும் பொதுவானதுதான்.

மறுமொழி 3

மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் ஐயத்தை முற்றிலும் பகையாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெஃப்ரி வான்கூவரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு தர்க்க விளையாட்டில் தம் திறமையின்மேல் கூடுதல் நம்பிக்கை கொள்ளும்படி செய்யப்பட்டவர்கள் மெத்தனமாகி அதிகப் பிழை செய்தார்கள். தயாரிப்புக் காலத்தில் ஓரளவு ஐயம் இருப்பது நல்லது. அதுதான் எண்களை மறுபடியும் சரிபார்க்கச் சொல்கிறது. பேச எழுந்த பிறகு அந்த ஐயத்தால் ஒரு பயனும் இல்லை.

"இது நம்மால் ஆகாது" என்ற எண்ணம் வரும்போது, எது ஆகாது என்று அதனிடமே கேளுங்கள். "குழுவினர் செலவைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது" என்று குறிப்பான விடை வந்தால், அது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் "ஆகாது" என்பதைத் தவிர வேறு விடை வராவிட்டால், அதை நம்பி ஒரு வாய்ப்பை மறுப்பது சரியன்று. திறமையே இல்லாத இடத்தில் நம்பிக்கையை மட்டும் ஊட்டிவிடுவது ஒருவருக்குச் செய்யும் உதவி ஆகாது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயத்திடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு குறிப்பான விடைகள் வந்தன, இரண்டும் கற்றுக்கொள்ளக் கூடியவையே. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பிறரைப் பார்ப்பதும் நம்பிக்கை தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உதவும் அந்த அம்மையார் குழுவின் முன் தங்குதடையின்றிப் பேசுவார். அதைப் பார்க்கும்போது எனக்கு இருந்த கொஞ்சம் துணிவும் போய்விடுகிறதே?

மறுமொழி 1 எழுதியவர்

போவது இயல்புதான். பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே ஒற்றுமை தென்பட்டால்தான் "அவரால் முடிந்தால் என்னாலும் முடியும்" என்ற எண்ணம் வரும். ஷங்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் பின்னக் கணக்குகளில் தடுமாறிய சிறுவர்களுக்குச் சக மாணவர் ஒருவர் கற்கும் காட்சியைக் காட்டினார்கள். முதலிலிருந்தே பிழையின்றிச் செய்தவரைப் பார்த்தவர்களைவிட, தொடக்கத்தில் திணறிப் பிறகு தேறியவரைப் பார்த்தவர்களுக்கே கூடுதல் நம்பிக்கை பிறந்தது.

நீங்கள் அந்த அம்மையாரிடம் பார்ப்பது முடிந்துபோன வடிவத்தை மட்டுமே. அவர் தயாரிக்கும்போது உடன் இருக்க அனுமதி கேளுங்கள். முதல் வரைவில் எதை அடித்துத் திருத்தினார், எந்தக் கேள்விக்கு அஞ்சிக் குறிப்பு எழுதி வைத்தார், தொடக்கக் காலத்தில் எங்கே திணறினார் என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள். உதவும் மனம் உள்ளவர் என்று நீங்களே எழுதியிருப்பதால் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். மேலாளரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: முழு அறிக்கையையும் விளக்குவதற்குப் பதிலாக, நீங்கள் தனியாகச் செய்த அந்தப் பகுதியை மட்டும் இந்த முறை நீங்கள் விளக்கலாம், மீதியை அம்மையார் பார்த்துக்கொள்ளலாம். அதற்கடுத்த கூட்டத்தில் உங்கள் பங்கைக் கூட்டி, அவருடைய பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.