பிள்ளைகள் கால்பந்துக் குழு: கோன் வரிசை ஏன் இல்லை?

ஏ பிளாக் மாமா: பயிற்சியாளர் தம்பிக்கு வணக்கம். நேற்று மாலை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் மும்மூன்று பேராகப் பிரிந்து நான்கு சின்னக் கோல்களுக்கு நடுவே விளையாடினார்களே தவிர, கோன்களை (கூம்பு வடிவக் குறிகளை) வரிசையாக வைத்துப் பந்தை வளைத்து ஓட்டும் பயிற்சி எதுவும் நடக்கவில்லை. அடிப்படையைக் கற்றுக்கொடுக்காமல் நேரே ஆட்டத்தில் இறக்கிவிடுவது சரிதானா?

பயிற்சியாளர்: வணக்கம் மாமா. கோன் நகராது, காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது; ஆகவே அதைச் சுற்றி ஓட்டும் பிள்ளை குனிந்து பந்தையே பார்த்துப் பழகிவிடுகிறது. 12 பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒருவர் ஓடும்போது 11 பேர் சும்மா நிற்கிறார்கள். நீங்கள் பார்த்தது, ஹாக்கிப் பயிற்சியிலிருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மானியர் ஹோர்ஸ்ட் வைன் வடிவமைத்த ஃபுனினோ என்ற ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் அடிக்க இரண்டு கோல், காக்க இரண்டு கோல், கோல்கீப்பர் கிடையாது, கோலுக்கு முன்னுள்ள 6 மீட்டர் பகுதிக்குள் வந்த பிறகே அடிக்கலாம். எதிரணி இடப்பக்கக் கோலை அடைத்தால் வலப்பக்கம் திறந்து கிடக்கும், ஆனால் தலையைத் தூக்கிப் பார்ப்பவருக்கே அது தெரியும். நான் ஓயாமல் கத்தியும் வராத அந்தப் பழக்கத்தை இரண்டாவது கோல் கொண்டுவந்துவிடுகிறது.

சி பிளாக் அக்கா: முன்பு பெரிய ஆட்டங்களில் என் மகள் ஓரத்திலேயே நிற்பாள், பந்து அவள் பக்கம் வருவதே அரிது. இப்போது வியர்வையில் நனைந்து வீட்டுக்கு வருகிறாள், எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் இந்தச் சின்ன ஆட்டங்களுக்கு வெற்றி தோல்விப் புள்ளிப் பட்டியல் வைப்பதில்லையே, அதனால் வெல்ல வேண்டும் என்ற எண்ணமே குறைந்துவிடாதா?

பயிற்சியாளர்: ஜெர்மனியிலும் இதே கேள்வி பலமாக எழுந்தது, அக்கா. அங்கே கால்பந்துக் கூட்டமைப்பு 2022இல் முடிவெடுத்து, 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் ஆட்டங்களுக்குப் புள்ளிப் பட்டியல் இல்லாத புதிய வடிவத்தைக் கட்டாயமாக்கியது. மிகச் சிறியவர்கள் இருவருக்கு இருவராகவோ மூவருக்கு மூவராகவோ ஆடுகிறார்கள். பட்டியலை எடுத்துவிட்டாலும் கோல் அப்படியே இருக்கிறது. யார் எத்தனை அடித்தார் என்பதை நாம் கேட்காமலே பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். நமக்குப் பட்டியல் தேவையே இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஏ பிளாக் மாமா: எங்கள் காலத்தில் சுவரில் திரும்பத் திரும்ப அடித்துத்தான் இடது காலைப் பழக்கினோம். அதை வேண்டாம் என்பீர்களா?

பயிற்சியாளர்: கட்டாயம் வேண்டும், மாமா. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் பங்கர், தார்ப் என்ற இருவர் 1982இல் முன்வைத்த விளையாட்டுக் கற்பித்தல் முறையும் நுட்பத்தை ஒதுக்கவில்லை. முதலில் எளிமையாக்கிய ஆட்டம், அதில் பிள்ளை தடுமாறும் இடம் தெரிந்ததும் அதற்கான நுட்பம் என்று வரிசையைத்தான் மாற்றியது. எங்கே தேவை என்று தானே உணர்ந்த பிள்ளை சுவர்ப் பயிற்சியை அலுக்காமல் செய்யும். மைதானத்தில் எல்லோரும் கூடியிருக்கும் நேரம் அரிதானது. சுவருக்கு வீட்டில் பத்து நிமிடம் போதும்.

சங்கச் செயலாளர்: தயவுசெய்து கார் நிறுத்தும் இடத்துச் சுவர் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சுவரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பயிற்சியாளர்: நன்றி சார். வரும் சனிக்கிழமை ரோண்டோ தொடங்குகிறோம். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பில் யோஹான் கிரைஃப் பயிற்சியாளராக இருந்தபோது அன்றாடப் பயிற்சியின் மையமாக்கியது அது. நான்கு பேர் சதுரமாக நின்று பாஸ் கொடுக்க, நடுவில் ஒருவர் பந்தைப் பறிக்க முயல்வார். பந்து வரும் பக்கத்துக் காலால் நிறுத்தும் பிள்ளை வந்த திசைக்கே திருப்பித் தர வேண்டியிருக்கும். உடலைச் சற்றுத் திருப்பி, தள்ளியிருக்கும் மறு காலால் வாங்கினால் அடுத்த பாஸுக்கான வழி திறந்துவிடும். இதை நான் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. இரண்டு சுற்று ஆடவிட்டு, "பந்து ஏன் அங்கேயே மாட்டிக்கொள்கிறது?" என்று கேட்பேன். அந்த நேரத்தில் பெற்றோர் வெளியிலிருந்து "அடி, அடி" என்று சத்தமிட வேண்டாம். பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது நம் குரல் அவர்களுக்குப் பதிலாக முடிவெடுத்துவிடுகிறது.

சி பிளாக் அக்கா: சரி தம்பி. தலையால் முட்டும் பயிற்சியும் உண்டா?

பயிற்சியாளர்: இந்த வயதில் கிடையாது, அக்கா. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடுத்திருக்கிறது, நாமும் தொடப்போவதில்லை. செயலாளர் சார், புதிய பந்துகள் வாங்கும்போது 4ஆம் அளவு கேளுங்கள். 5ஆம் அளவு 410 முதல் 450 கிராம் வரை இருக்கும், பெரியவர்களுக்கானது.

சங்கச் செயலாளர்: 4ஆம் அளவில் ஆறு பந்துகள் வாங்கிவிடுகிறேன்.

ஏ பிளாக் மாமா: சனிக்கிழமை நானும் வருகிறேன் தம்பி. வாயைத் திறக்க மாட்டேன். யார் மறு காலால் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் குறித்துத் தருகிறேன்.